திங்கட்கிழமை கத்துகிற பிரேக்

"எலே ஜெயசிங், உனக்க பாட்டுக்காரி வாறா கேட்டியா."

சொன்னவன் ஆட்டோ ஓட்டுகிற ராஜதாஸ். பாறசாலை முக்கில் ஜெயசிங்கின் ஒர்க் ஷாப்புக்கு நேர் எதிரில் ஆட்டோ ஸ்டாண்ட். அங்கே நிற்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் நல்ல மனிதர்கள், பத்தாவது ஆள் ராஜதாஸ். அவன் வாயை மூடுவதற்குள் வளைவில் அந்தச் சத்தம் எழுந்தது. தகரத்தில் ஆணியை வைத்து இழுத்தால் பல் கூசுமே, அந்த ஜாதிச் சத்தம். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைத் தன் கையிலேயே ஊற்றிக்கொண்டார். வெள்ளை மாருதி ஒன்று ஊரையெல்லாம் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டு ஒர்க் ஷாப் வாசலில் வந்து நின்றது.

இது மூன்றாவது திங்கட்கிழமை. ஜெயசிங்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வயதுக்காரன் நடுரோட்டில் நின்று அழ முடியாது என்பதால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வண்டியிலிருந்து இறங்கியவர் ரபேல், பொழியூர் கடப்புறத்து மீனவர். ஒன்பது வருஷம் பஹ்ரைனில் மீன்பிடிக் கப்பலில் கிடந்துவிட்டு, போன வருஷம், அதாவது தொண்ணூற்றைந்தில் ஊர் திரும்பி, ஒரு வக்கீலிடமிருந்து இந்தப் பழைய மாருதியை வாங்கியிருந்தார். வாங்கியது மகள் டெல்னாவுக்காக. அவள் நெய்யாற்றின்கரையில் நர்சிங் படிக்கிறாள். சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள், திங்கட்கிழமை காலையில் அப்பா கொண்டுபோய் ஹாஸ்டலில் விடுவார். போகிற வழியில்தான் ஜெயசிங்கின் ஒர்க் ஷாப்.

"பின்னயும் கத்துதே, மக்கா," என்றார் ரபேல். குரலில் கோபமில்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் ஜெயசிங்குக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வண்டிக்கு அவன் புது பிரேக் பேட் மாட்டிக்கொடுத்தது ஒரு வியாழக்கிழமை. பேட் என்றால் வேறொன்றுமில்லை. முன்சக்கரத்தோடு சேர்ந்து ஒரு இரும்புத் தட்டு சுற்றும், அதற்கு டிஸ்க் என்று பேர். பிரேக்கைக் காலால் சவுட்டினால் அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற கட்டைதான் பேட். பழையது தேய்ந்து காகிதமாகிவிட்டிருந்தது. புதியதை மாட்டுவதற்கு முன் ஜெயசிங் டிஸ்க்கை உப்புத்தாள் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தான். ரபேல் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையால் வேலை செய்து பிழைத்தவர், அடுத்தவன் செய்கிற நல்ல வேலையைப் பார்க்கிறதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"கண்ணாடி மாதிரி இருக்குல்லா, அண்ணா?"

"முகம் பாக்கலாம், மக்கா."

அவர் கிளம்பும்போது டிரைவர் பக்கத்துக் கதவு கிறீச்சென்றது. ஜெயசிங்குக்கு வாய் சும்மா இருக்காது. கதவுக் கீலில் இரண்டு துள்ளி எண்ணெய் விட்டுவிட்டு, "எண்ணெ காணாத்த இரும்பு கத்தும், அண்ணா. எங்க கத்துதோ அங்க ஒரு துள்ளி விட்டுக்கிடுங்க. இதுக்குப் போய் இம்புட்டு தூரம் வரண்டாம்," என்றான். ஏதோ வேதவாக்கியம் சொல்கிற மாதிரிதான் சொன்னான். ரபேலும் வேதவாக்கியம் கேட்கிற மாதிரியே தலையாட்டினார். பிறகு அவரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்.

"இந்த வண்டியில மீன் ஒரு நாளும் ஏறல்ல, கேட்டியா. ஏத்தவும் மாட்டேன். பிள்ளைக்குள்ள வண்டியாக்கும்."

சரி அண்ணா என்றான். கடப்புறத்துக்காரன் வண்டியில் மீன் ஏறாதாம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அந்த வண்டி ஊமை மாதிரி முக்கைக் கடந்து போனது. திங்கட்கிழமை வந்து கத்தியது.

புதுப் பேட் முதலில் கொஞ்சம் கத்தும், படிந்து வரவேண்டும் என்று சொல்லி ஜெயசிங் சக்கரத்தைக் கழற்றினான். மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. கடப்புறத்து வண்டி பின்னே மல்லிகைப்பூவா மணக்கும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தான். டிஸ்க்கின் மேல் லேசாக மஞ்சள் படலம் படிந்திருந்தது. பிரேக் ஆயில் ஒழுகுகிறதோ என்று குழாயை விரல் வைத்துத் தடவிப் பார்த்தான், காய்ந்து கிடந்தது. டிஸ்க்கைத் தேய்த்தான். பேட்டின் ஓரத்தை அரத்தால் ராவினான். சத்தம் போயிற்று. புதன்கிழமை ரபேல் சந்தைக்கு வந்தபோதும் சத்தமில்லை, சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோதும் சத்தமில்லை. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அதே கத்தல், மறுபடியும் அதே நாற்றம், அதே மஞ்சள் படலம்.

இந்த முறை பேட்டையே மாற்றினான், வேறு கம்பெனிச் சாமான் போட்டு. மாற்றிவிட்டு அவனே உதியன்குளங்கரை வரை ஓட்டிப் பார்த்தான். கொள்ளாம், பட்டுப்போல நின்றது. ஒரு வாரம் கழித்து இதோ, மூன்றாவது திங்கட்கிழமை.

"சனி ஞாயிறுல வண்டிய வேற யாரும் தொட்டாங்களா, அண்ணா? வேற ஒர்க் ஷாப்பில காட்டினீங்களா?"

"வேற ஒருத்தன் கை படாது, மக்கா. ஞாயிறு நாங்க கடலுக்கே போவமாட்டோம். வண்டி எங்க போவும்? பந்தலுக்குக் கீழ கிடக்கும்."

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது ஜெயசிங்குக்கு. திங்கட்கிழமை மட்டும் கத்துகிற பிரேக் உலகத்தில் எங்காவது உண்டா? உப்புக்காற்றா? அப்படியானால் புதன்கிழமை பொழியூரில் காற்று அடிக்காதா? மகள் ஏறினால் கத்துகிறதா? சனிக்கிழமையும் அவள்தானே ஏறி வந்தாள்! மறுபடி தேய்த்தான், மறுபடி ராவினான். அந்த வாரம் முழுக்க எந்த வண்டியைத் தொட்டாலும் மனசு மாருதிக்குக் கீழேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்க, இவன் மனக்கண்ணில் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். எல்லாரும் ஜெபத்துக்கு எழுந்த பிறகும் இவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"ஞாயிறு பள்ளியில பூசை கண்டுட்டு, திங்கக்கிழமை கீர்த்தனம் படிக்குது. பக்தியுள்ள வண்டியாக்கும்," என்றான் ராஜதாஸ். ஸ்டாண்டே சிரித்தது.

சிரிக்கிறவர்களுக்கு என்ன? ஜெயசிங்குக்கு இது வாழ்வா சாவா என்கிற காரியம். பன்னிரண்டு வருஷம் நெய்யாற்றின்கரையில் ராஜையா ஆசானிடம் வேலை செய்துவிட்டு, ஏழு மாசத்துக்கு முன்னால்தான் தனியாகக் கடை போட்டிருந்தான். ஆசான் வாழ்த்தி அனுப்பவில்லை. "போ, போ. ஒரு கொல்லம் திகையதுக்கு முன்ன எனக்க கேட்டுல வந்து நிப்ப," என்றுதான் சொல்லி அனுப்பினார். ஒரு வருஷத்துக்குள் திரும்பி வருவான் என்பது அவர் கணக்கு. கடப்புறத்திலிருந்து வந்த முதல் வண்டி ரபேலுடையது. இது சரியானால் அங்கிருக்கிற வேன்கள் எல்லாம் பின்னாலேயே வரும். சரியாகாவிட்டால் பேர் கெடும். பேர் கெட்டால் ஆசானின் கேட்தான். இதெல்லாம் போக, தன் கையே தனக்குப் பொய் சொல்கிறதோ என்று ஒரு பயம் அவனுக்கு வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விட மோசம்.

நாலாவது திங்கட்கிழமை வளைவில் சத்தம் கேட்டபோது ராஜதாஸ்கூட ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கவே பாவமாக இருந்திருக்கும் போல.

ரபேல் வண்டியை ஓரங்கட்டினார், எஞ்சினை அணைக்கவில்லை. பக்கத்தில் டெல்னா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மக்கா, நான் இண்ணு ராஜையா ஆசான்ட்ட காட்டிட்டு வாறேன். உனக்கு சங்கடம் ஒண்ணும் தோணப்பிடாது. உனக்க மேல குத்தம் சொல்லல்ல. உனக்குப் பிடிபடாத்தது அவருக்குப் பிடிபடுமாயிருக்கும்."

"செரி, அண்ணா," என்றான் ஜெயசிங். வேறென்ன சொல்ல?

வண்டி போயிற்று. உள்ளே வந்து எதையாவது உதைக்க வேண்டும் போலிருந்தது. மூலையில் கழற்றிப்போட்ட சாமான்கள் கிடக்கிற தகரப்பெட்டியை உதைக்கப் போனால், அதற்குள்ளே ஒரு பூனை. டீக்கடைப் பூனை. இரண்டு வாரத்துக்கு முன்னால் ரபேல் வண்டியிலிருந்து கழற்றிய பேட்டை இரண்டு காலாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சொக்கி நக்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே வேறு வண்டிகளின் பேட் ஏழெட்டு கிடந்தன. அவற்றை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஜெயசிங் அதைப் பிடுங்கி மூக்கில் வைத்தான். மத்தி எண்ணெய். வள்ளத்துக்கு மரம் உளுக்காமல், ஆணி துருப்பிடிக்காமல் இருக்க கடப்புறத்தில் தேய்ப்பார்களே, அந்த மீனெண்ணெய்.

கையில் பேட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் வள்ளங்களை மணலில் ஏற்றிவிட்டால் பின்னே திங்கட்கிழமைதான் கடல். அந்தச் சனிக்கிழமைதான் கழுவுகிறதும் எண்ணெய் போடுகிறதும். அது அவனுக்குத் தெரியாதா? எத்தனை தரம் பொழியூர் போய்ப் பார்த்திருக்கிறான்! "வேற ஒருத்தன் கை படாது" என்று அவர் சொன்னது சத்தியம். தன் கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே. மீன் ஏறாத வண்டி என்று முதல் நாளே சொன்னாரே, மனுஷன்! மீன் ஏறாத வண்டியின் சக்கரத்தில் மீன் நாற்றம் எப்படி வரும் என்று மூன்று வாரமாக ஒருமுறைகூட யோசித்தானா? யோசிக்கவில்லை. அந்த நாற்றம் ஆளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்தான். அதை நினைக்க அவனுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்து நெஞ்சில் இடித்தது. எங்க கத்துதோ அங்க ஒரு துள்ளி விட்டுக்கிடுங்க. யார் சொன்னது? அவன்தான்.

அதற்கும் பிறகுதான் அமரவிளை இறக்கம் நினைவுக்கு வந்தது. இறக்கத்தின் அடியில் செக்போஸ்ட், லாரிகள் வால்பிடித்து நிற்கும். எண்ணெய் குடித்த பேட் கத்தும், நிறுத்தாது. வண்டியில் அந்தப் பெண் இருக்கிறாள்.

ஒரு புது பேட் பெட்டியையும் உப்புத்தாளையும் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினான். "ராஜதாஸே, எடு வண்டிய. நெய்யாற்றின்கர." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ராஜதாஸ் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்தான்.

அமரவிளை இறக்கத்தில் ஜெயசிங் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போனான். லாரிகள் நின்றன. மாருதி இல்லை. ஆனால் வரிசையின் ஓரத்தில் ரோட்டில் கண்ணாடிச் சில்லு கிடந்தது. "கர்த்தாவே," என்றான். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

ராஜையா ஆசானின் ஒர்க் ஷாப் முற்றத்தில் நின்றது வண்டி. ஒரு ஹெட்லைட் உடைந்து, பம்பர் உள்ளே போயிருந்தது. டெல்னா ஸ்டூலில் உட்கார்ந்து நனைத்த கைலேஞ்சியை நெற்றியில் அமுக்கிக்கொண்டிருந்தாள், எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். ரபேல் அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இறுக்கிச் சவுட்டினேன், மக்கா," என்றார் ஜெயசிங்கைப் பார்த்ததும். "நிக்கல்ல. ஹேண்ட் பிரேக்க வலிச்சுப் பிடிச்சேன். லாரிக்க பின்னால போய் முட்டிதான் நிண்ணுது."

ராஜையா ஆசான் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு டிஸ்க்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் அவருடைய மெக்கானிக்குகள், பழைய கூட்டாளிகள், நாலைந்து பேர். "வந்தாச்சா?" என்றார் ஆசான். "ஒரு பேட் மாட்டத் தெரியாத்தவனுக்குக் கடை வேற. டிஸ்க்கு போச்சு. ரெண்டும் மாத்தணும்."

ஆசானுக்கும் பிடிபடவில்லை! அந்த நிமிஷம் ஜெயசிங்குக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடியது. ஒரே ஒரு வார்த்தை போதும். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை ஆசானே, இவர் பிரேக்குக்கு மீனெண்ணெய் போட்டிருக்கிறார், மோந்து பாரும். அவ்வளவுதான். ஆசானின் மூக்கு உடையும், இவன் பேர் நிற்கும். முற்றம் முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கும். கடப்புறத்தான் காருக்கு மத்தி எண்ணெய் தேய்த்த கதை சாயங்காலத்துக்குள் நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டு வரை போய்விடும். டெல்னா படிக்கிற இடத்துக்கும் போகும். இவர்களுடைய சிரிப்பு எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். அவனும் மூன்று வாரமாக உள்ளுக்குள் அதே சிரிப்பைத்தானே சிரித்துக்கொண்டிருந்தான்.

ரபேல் இன்னும் மகளின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிஸ்க்கு போவல்ல, ஆசானே," என்றான் ஜெயசிங். "எண்ணெ பட்டிருக்கு. கத்துத எடத்துல எண்ணெ விடுங்கண்ணு நான்தான் சொன்னேன். எனக்க குத்தம்."

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள் பாருங்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. ஆசான் சிரிக்கவில்லை. "பிரேக்குக்கு எண்ணெ போடச் சொன்னியா? பன்னிரண்டு கொல்லம் எனக்க சோறு தின்னுட்டு?" என்று கேட்டார். ஜெயசிங் தலையைக் குனிந்துகொண்டான். சொன்னது பொய்யா மெய்யா என்று அவனுக்கே புரியவில்லை. கதவுக்குத்தான் சொன்னான். ஆனால் கதவுக்கு மட்டும் என்று சொல்லவில்லையே. ரபேல் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று ஜெயசிங் எதிர்பார்த்தான். அவர் மறுபடி மகள் பக்கமே திரும்பிக்கொண்டார். அது வலித்தது, பொய் சொல்வானேன்.

அந்த முற்றத்திலேயே, அவர்கள் எல்லாரும் பார்த்து நிற்க, பெட்ரோல் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டு, புது பேட் மாட்டினான். நாலு தரம் ஓட்டிச் சவுட்டிப் பார்த்தான். ஊசி விழுந்தால் கேட்கும், அப்படி நின்றது வண்டி.

டெல்னாவை ஹாஸ்டலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஜெயசிங்தான் ஓட்டினான். ராஜதாஸ் ஆட்டோவில் முன்னால் போய்விட்டான். வண்டி அமரவிளை ஏற்றம் தாண்டியது.

"நீ கண்ணாடி மாதிரி ஆக்கித் தந்த," என்றார் ரபேல். "ரெண்டு நாள் கழிஞ்சு சக்கரத்தக் கழட்டிக் கழுவினா, செம்மண்ணு மாதிரி துரு. உப்புக்காத்துல்லா. நீ இம்புட்டு பாடுபட்டது வீணாப் போச்சேண்ணு எண்ணெ தேச்சேன். பின்ன அது கத்திச்சு. எண்ணெ காணாத்த இரும்பு கத்தும்ணு நீ சொன்னதுனால பின்னயும் கொஞ்சம் கூட்டித் தேச்சேன்."

"அந்தத் துரு ரெண்டு தரம் பிரேக் சவுட்டினா தானே போவும், அண்ணா. வண்டியில எண்ணெ காட்டப்பிடாத்த இரும்பு அது ஒண்ணுதான். நான் சொல்லியிருக்கணும்."

"நீ கதவுக்குத்தானே சொன்ன."

"ஆமா, அண்ணா."

ரபேல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பாறசாலை முக்கில் ஒர்க் ஷாப் வாசலில் நிறுத்தப்போனபோது, "இங்க வேண்டாம், அங்கோட்டு விடு," என்று ஆட்டோ ஸ்டாண்டைக் காட்டினார். அங்கே ராஜதாஸ் முன்னாலேயே வந்து கதையை அவிழ்த்துவிட்டிருந்தான் என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஜெயசிங்கைப் பார்த்தார்கள். ரபேல் இறங்கி அவர்கள் நடுவில் போய் நின்றார்.

"ஆசானுக்க முற்றத்துல எனக்கு நாக்கு எழும்பல்ல, இங்க வச்சுச் சொல்லுதேன்," என்றார். "இவன் பிரேக்குக்கு எண்ணெ போடச் சொல்லல்ல. கதவுக்குச் சொன்னான். பிரேக்குக்கு மீனெண்ணெ தேச்சது நான். சனிக்கிழம சனிக்கிழம சக்கரத்தக் கழட்டி, வள்ளத்துக்குத் தேய்க்குத மாதிரி தேச்சேன். எனக்க பிள்ளைய நானே கொண்டுபோய் லாரிக்க அடியில குடுக்கப் பாத்தேன். எனக்கு மானம் போவாம இருக்க இவன் தன்னுக்க மானத்தக் களஞ்சான்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜதாஸ் காதைச் சொறிந்துகொண்டு தரையைப் பார்த்தான். ஜெயசிங்குக்குக் கண் கலங்கிப்போயிற்று. இந்த முறை நடுரோடு என்றுகூட அவன் பார்க்கவில்லை.

ரபேல் வண்டியில் ஏறிப் பொழியூர் பக்கம் திருப்பினார். வளைவில் ஒரு பஸ் குறுக்கே வந்தது, அவருடைய பிரேக் லைட் சிவந்தது. ஸ்டாண்டில் நின்ற பத்துப் பேரும், டீக்கடைக்காரரும், ஜெயசிங்கும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வண்டி நின்றது, பஸ் போக வழிவிட்டது, பிறகு போயிற்று. ஒரு சத்தமும் கேட்கவில்லை.